பூச்செடி நடுமுன் சித்திரைக் கிணற்றைப் பாருங்கள்

நெல், பருத்தி, உளுந்து போன்ற பயிர்களில் ஒரு போகம் தவறினால் அடுத்த போகத்தில் பயிரை மாற்றிக்கொள்ளலாம். பூச்செடிகளில் அது இயலாது. ஒருமுறை நட்ட மல்லிகை பத்து ஆண்டுகளுக்கு மேல் நிலத்தில் நிற்கும். எனவே எந்தச் செடியை நடுவது என்ற முடிவை விவசாயிகள் நன்கு ஆராய்ந்து எடுக்க வேண்டும்.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் தை மாதத்தில் இரண்டு காட்சிகளைக் காணலாம். பூச்சந்தையில் மல்லிகை விலை உச்சத்தில் இருக்கும். சில ஆண்டுகளில் கிலோ ஆயிரம் ரூபாயையும் தாண்டும். வடகிழக்குப் பருவமழையால் கிணற்றிலும் தண்ணீர் நிறைந்திருக்கும். இவ்விரண்டையும் கண்டு பலர் மல்லிகை நட முற்படுகிறார்கள். பனிக்காலத்தில் மல்லிகை பூப்பது மிகக் குறைவு. விலை ஏறுவது அதனால்தான். செடி கொத்துக் கொத்தாகப் பூப்பது பங்குனி முதல் கோடை மாதங்களில். அப்போது வரத்து மிகுந்து விலை இறங்கும்; கிணறும் வற்றும்.

தண்ணீர்க் கணக்கு

மல்லிகைக்குக் கோடையில் வாரம் ஒரு பாய்ச்சலாவது தேவை. 25 சென்ட் நிலத்தில் 4 செ.மீ. உயரம் தண்ணீர் நிற்கப் பாய்ச்ச, ஏறத்தாழ 40,000 லிட்டர் வேண்டும். சித்திரை மாதத்தில் 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை மோட்டார்க் குழாயடியில் வைத்துப் பாருங்கள். அது இரண்டு நிமிடத்தில் நிறைந்தால் மணிக்கு 6,000 லிட்டர் கிடைக்கிறது. 25 சென்டுக்கு வாரத்தில் ஏழு மணி நேரம் மோட்டார் ஓட வேண்டும். கிணறு அவ்வளவு நேரம் தாங்காவிட்டால் மல்லிகைப் பரப்பைக் குறைத்துக்கொள்வதே நலம்.

சொட்டுநீர்ப் பாசனம் அமைத்தால் இத்தேவை வெகுவாகக் குறையும். சிறு, குறு விவசாயிகளுக்கு இதற்கு முழு மானியம் உண்டு. வட்டாட்சியரிடம் சிறு, குறு விவசாயி சான்று பெற்று, வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுகலாம்.

மண்ணும் ஆளும்

வடிகால் வசதியுள்ள செவ்வல் நிலம் மல்லிகைக்கு ஏற்றது. மழையில் தண்ணீர் தேங்கும் கரிசலில் வேர் அழுகும். சுண்ணாம்புத் தன்மை மிகுந்த மண்ணில் இரும்புச்சத்துக் குறைவால் இளம் இலைகள் மஞ்சளாகும். அதற்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிக்கலாம்.

அடுத்தது பறிப்பு ஆள். மல்லிகையை மொட்டாகவே, வெயில் ஏறுமுன் பறித்தாக வேண்டும். ஒரு கிலோவுக்கு 3,000 மொட்டுகளுக்கு மேல் பிடிக்கும். விலை இறங்கிய நாளில் கூலி ஆள் வைத்துப் பறித்தால் கூலிக்கே கட்டாது. எனவே வீட்டிலுள்ளவர்கள் விடிகாலையில் பறித்து முடிக்கக்கூடிய அளவே நட வேண்டும்.

எந்தச் செடி?

தண்ணீரும் ஆளும் உள்ளவர்களுக்கு இராமநாதபுரம் குண்டுமல்லி நல்ல தேர்வு. பிச்சியில் கோ.1, கோ.2 ஆகிய இரகங்கள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வெளியீடுகள். மல்லிகை ஓயும் காலத்தில் பிச்சி கைகொடுக்கும். பனிக்கால விலையை நாடுவோர், ஆண்டு முழுவதும் பூக்கும் கோ.1 நட்சத்திர மல்லிகையைச் சிறு பரப்பில் நட்டுப் பார்க்கலாம்.

தண்ணீர் குறைந்த நிலத்துக்கு அரளி ஏற்றது. வறட்சியைத் தாங்கும், செலவும் குறைவு. ஆனால் அதன் இலை, தண்டு, பூ யாவும் நஞ்சு. ஆடு, மாடு கட்டும் இடத்துக்கு அருகில் நடக்கூடாது. கழித்த கிளைகளைத் தீவனத்தோடு கலக்க விடக்கூடாது. 2024 மே மாதத்தில் கேரளத்தின் திருவிதாங்கூர், மலபார் தேவசம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தின. மலையாளச் சந்தையை நம்பி அரளி வைப்போர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வரப்போரத்திலும் கிணற்றடியிலும் நந்தியாவட்டை வைத்தால், மாலைக்கு ஆண்டு முழுவதும் சிறிது பூ கிடைத்துவரும்.

அரை ஏக்கர் உள்ள ஒருவர் முழுவதிலும் மல்லிகை நடுவதைவிட, 25 சென்டில் மல்லிகை, 15 சென்டில் பிச்சி, மீதியில் தண்ணீருக்கேற்ற ஒரு செடி எனப் பிரித்துக்கொள்வது நல்லது. ஒரு பூ விலை இழந்தால் இன்னொன்று தாங்கும்.

நடவும் உரமும்

புரட்டாசி, ஐப்பசி மாதங்கள் இங்கு நடவுக்கு ஏற்றவை. மல்லிகைக்கு 1.25 மீட்டர் இடைவெளியில், நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் ஓரடி இருக்குமாறு குழியெடுக்க வேண்டும். குழிக்கு 10 கிலோ மட்கிய தொழு உரமிட்டு, வேர்விட்ட பதியன் அல்லது குச்சியை நட வேண்டும். 25 சென்டுக்கு ஏறத்தாழ 640 செடிகள் பிடிக்கும். நோயற்ற தோட்டத்தில் எடுத்த நாற்றுகளையே வாங்குங்கள்.

வளர்ந்த செடி ஒன்றுக்கு ஆண்டுக்கு யூரியா 130 கிராம், சூப்பர் பாஸ்பேட் 750 கிராம், பொட்டாஷ் 200 கிராம் தேவை. இதை இரு பங்காக்கி, கவாத்து செய்ததும் ஒரு பங்கும், ஆனி மாதத்தில் மறு பங்கும் இட்டு, உடனே தண்ணீர் பாய்ச்ச வேண்டும்.

கவாத்து

கவாத்து செய்யாத தோட்டத்தில் தழை மிகும், பூ குறையும். மல்லிகையை நவம்பர் கடைசி வாரத்திலும், பிச்சியை டிசம்பர் கடைசி வாரத்திலும் கவாத்து செய்ய வேண்டும். மல்லிகையைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வெட்டி, காய்ந்த, நோயுற்ற கிளைகளை அகற்றுங்கள். வெட்டும்முன் சில நாட்கள் தண்ணீரை நிறுத்தி வைப்பது நல்லது. மழைக்குப் பின் வடிகால் சரியாக உள்ள தோட்டத்தில், ஒரு பகுதியை மட்டும் செப்டம்பர் கடைசியிலேயே கவாத்து செய்தால் பனிக்காலத்தில் சிறிதளவாவது பூ எடுக்கலாம். விளைச்சல் குறைந்தாலும் விலை அதை ஈடுசெய்யக்கூடும்.

பயிர்ப் பாதுகாப்பு

மொட்டுப்புழு தாக்கினால் மொட்டில் துளை தெரியும். தாக்குண்ட மொட்டுகளைப் பறித்து அழித்து, ஐந்து விழுக்காடு வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்க வேண்டும். கோடையில் இலை வெளிறிச் சிலந்திப் பேன் தெரிந்தால் லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் போதும். பறிப்பு நடக்கும் தோட்டத்தில் கடும் மருந்து அடிக்க வேண்டாம். பூவைப் பறிப்பதும், கட்டுவதும், சூடுவதும் பெரும்பாலும் பெண்களே.

நடவுக்கு முன் மூன்று செய்திகளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்: சித்திரையில் கிணறு தரும் தண்ணீர், விடிகாலையில் வீட்டில் கிடைக்கும் கைகள், ஆண்டின் பன்னிரண்டு மாதங்களிலும் சந்தையில் விற்ற விலை. இம்மூன்றும் எதற்கு ஒத்துவருகின்றனவோ, அந்தச் செடியே உங்கள் நிலத்துக்குரியது.