ஆப்பிரிக்கக் குள்ளத் தவளை: அடையாளமும் வளர்ப்பும்

ஆப்பிரிக்கக் குள்ளத் தவளை என்பது பிப்பிடே குடும்பத்தில் ஹைமெனோகைரஸ் பேரினத்தைச் சேர்ந்த, வாழ்நாள் முழுவதும் நீரிலேயே வாழும் சிறிய தவளை ஆகும். ஆப்பிரிக்காவின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் உள்ள ஆழமற்ற நீர்நிலைகள் இதன் தாயகம். வண்ண மீன் கடைகளின் வழியாக இது பல நாடுகளில் செல்லப் பிராணியாகியுள்ளது. அக்கடைகளில் ஆப்பிரிக்க நகத் தவளையின் (செனோபஸ் லேவிஸ்) இளந்தவளைகளும் சில வேளைகளில் இதே பெயரில் விற்கப்படுகின்றன. சிறு வயதில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அவற்றை வளர்க்கும் முறை வேறு. எனவே, வாங்கிய தவளை எது என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும்.

அடையாளம் காணல்

• முன்கால்: குள்ளத் தவளையின் முன்கால் விரல்களுக்கு இடையே சவ்வு உண்டு. நகத் தவளையின் முன்கால் விரல்கள் சவ்வின்றித் தனித்தனியாக இருக்கும். இதுவே மிக நம்பகமான அடையாளம்.
• கண்: குள்ளத் தவளைக்குக் கண்கள் தலையின் பக்கவாட்டிலும், நகத் தவளைக்குத் தலையின் மேற்புறத்திலும் அமைந்துள்ளன.
• தோல்: குள்ளத் தவளையின் தோல் சொரசொரப்பானது, பழுப்பு நிறத்தில் கரும்புள்ளிகள் இருக்கும். நகத் தவளையின் தோல் வழவழப்பானது. பக்கங்களில் தையல் போட்டது போன்ற கோடுகள் தெரியும். கடையில் உள்ள வெள்ளைத் தவளை பெரும்பாலும் நகத் தவளையே.

பின்கால் நகங்கள் இரண்டு இனங்களுக்கும் உண்டு. ஆகவே நகத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

குள்ளத் தவளை ஏறத்தாழ 4 செ.மீ. நீளத்தைத் தாண்டாது. பெண் நகத் தவளையோ 10 செ.மீ.க்கும் மேல் வளரும். வாய்க்குள் அடங்கும் மீன்களையும் குள்ளத் தவளைகளையும் விழுங்கிவிடும். எனவே இரண்டையும் ஒரே தொட்டியில் விடக் கூடாது.

குள்ளத் தவளை வளர்ப்பு

இத்தவளை நுரையீரலால் சுவாசிப்பதால் அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்து செல்லும். ஆகவே நீரின் ஆழம் 30 செ.மீ. அளவில் இருந்தால் நல்லது. நீரின் வெப்பநிலை 24 முதல் 27 பாகை செல்சியசு வரை இருக்க வேண்டும். குழாய் நீரிலுள்ள குளோரினை நீக்கிய பின்னரே தொட்டியில் ஊற்ற வேண்டும். நீரோட்டம் மெதுவாக இருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஏற்றது. தொட்டியிலிருந்து குதித்து வெளியேறும் தவளை தோல் உலர்ந்து விரைவில் இறந்துவிடும் என்பதால் மூடி கட்டாயம்.

இதற்கு நாக்கு இல்லை, பார்வையும் குறைவு. இரையைக் கண்டறிய மோப்பமும் உதவும். வேகமாக நீந்தும் மீன்களோடு வளர்த்தால் அவையே உணவை முடித்துவிடும். தவளை பட்டினி கிடக்கும். உறைநிலையில் விற்கப்படும் பிளட்வார்ம் புழுக்களையோ ஆர்ட்டீமியாவையோ உருக வைத்து, இடுக்கியால் தவளையின் முன்னே வைக்கலாம். வளர்ந்த தவளைக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் உணவு போதும்.

நோயும் பாதுகாப்பும்

உண்ணாமல் சோர்ந்து கிடப்பதும், தோல் அடிக்கடி துண்டு துண்டாக உரிவதும் கைட்ரிட் பூஞ்சை நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். அத்தகைய தவளையைத் தனித் தொட்டிக்கு மாற்றிக் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும்.

குள்ளத் தவளைகள் சால்மொனெல்லா பாக்டீரியாவைச் சுமக்கக்கூடும். 2009 முதல் 2011 வரை அமெரிக்காவில் இத்தவளைகளோடு தொடர்புடைய தொற்று 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் பதிவானது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். எனவே தொட்டி நீரைத் தொட்டபின் சோப்பால் கை கழுவ வேண்டும். அந்த நீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டக் கூடாது.

வளர்க்க இயலாத தவளையைக் குளத்திலோ ஏரியிலோ விடுவது தவறு. கலிபோர்னியா, சிலி, பிரான்சு ஆகிய இடங்களில் வெளியேறிய நகத் தவளைகள் பெருகி அயல் ஆக்கிரமிப்பு இனமாகியுள்ளன.