ஒலி மாறலாம், தொகை மாறலாகாது

தொலைபேசியில் வாடிக்கையாளர் ஒருவர் கூறிய ‘ஃபிஃப்டீன்’ என் செவியில் ‘ஃபிஃப்டி’ என விழுந்தது. தொகையைத் திரும்பச் சொல்லிச் சரிபார்த்திராவிடில், 15,000 ரூபாய் 50,000 ஆகியிருக்கும்.

குறை அவருடையதன்று. ஆங்கிலத்தை அவரவர் தாய்மொழியின் ஒலிமரபிலேயே பேசுகிறோம். ‘ஸ்கூல்’ பீகாரில் ‘இஸ்கூல்’, பஞ்சாபில் ‘சகூல்’. வங்காளத்தில் ‘வோட்டு’ ‘போட்டு’ போல் ஒலிக்கும். ‘டீன்’ என்னும் ஈற்றசையை நீட்டி அழுத்தினால்தான் பதினைந்தும் ஐம்பதும் பிரியும். நம்மில் பலர் அவ்வாறு அழுத்துவதில்லை.

காசோலையில் எண்ணும் எழுத்தும் முரண்பட்டால், எழுத்தால் எழுதிய தொகையே செல்லும் என்பது 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம். வாய்மொழிக்கு அத்தகைய காப்பு இல்லை. ஆகவே, தொலைபேசியில் தொகையைக் கூறுகையில் ‘ஒன், ஃபைவ்’ என ஒவ்வோர் இலக்கமாகக் கூறுங்கள். கேட்டவரைத் திரும்பச் சொல்லச் செய்யுங்கள்.