இலை வேறு, மருந்து வேறு

வேலியோரத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் கேட்பாரற்றுப் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிக்குச் 'சுடுகாட்டு மல்லி' என்றும் ஒரு பெயர் உண்டு. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, புதுக்கோட்டையின் வறண்ட மண்ணையும் தனதாக்கிக் கொண்டுவிட்டது. எங்கள் ஆவூர்ப் பக்கம் சர்க்கரை நோய்க்கு இதன் இலையை மென்று தின்போர் உண்டு. 'இரத்தப் புற்றுநோயையே குணமாக்கும் இலை' என்ற செய்தி கைப்பேசிகளில் பரவிய பின், அந்நோய்க்கும் இதன் சாறு போதும் என்று நம்புவோரைக் காண்கிறேன். இச்செய்தியில் பாதி உண்மை. மறுபாதி உயிரைப் பறிக்க வல்லது.

கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் 1950-களில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் ஆகியோர், ஜமைக்காவிலிருந்து வந்த இவ்விலைகள் நீரிழிவைக் குறைக்குமா என்று ஆராய்ந்தனர். எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. மாறாக, சாறு செலுத்தப்பட்ட எலிகள் கிருமித் தொற்றால் மடிந்தன. அவற்றின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்க்கு இதுவே மருந்தாகலாம் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. அவர்கள் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் 1958-இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. அதன் உடன்பிறப்பான வின்கிறிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

செல் பிளவுறும்போது, குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்ல நுண்ணிய புரத இழைகள் தோன்றுகின்றன. வின்கிறிஸ்டின் அந்த இழைகள் உருவாவதைத் தடுக்கிறது. பிளவு பாதியில் நின்று செல் மடிகிறது. ஆகவே, 'இயற்கைப் பொருள் என்றால் நோய் எதிர்ப்பாற்றலைக் கூட்டும்' என்ற பொதுநம்பிக்கை இங்கே பொருந்தாது. எதிர்ப்பாற்றலின் படையான வெள்ளணுக்களைக் குறைத்ததால்தான் இச்செடியின் மருத்துவ மதிப்பே தெரியவந்தது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், டாக்டர் வி. சாந்தாவின் காலத்தில், 1980-களில் வின்கிறிஸ்டினுடன் வேறு மருந்துகளையும் இணைத்து ஒரு சிகிச்சை முறை நடைமுறைக்கு வந்தது. இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளில் மிகச் சிலரே பிழைத்த நிலை மாறி, ஏறத்தாழப் பாதிப்பேர் நலம்பெறும் நிலை உருவாயிற்று. வளர்ந்த நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர்.

அப்படியானால் இலையை அரைத்துக் குடித்தால் என்ன? ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை தேவை. இலையில் நூற்றுக்கும் மேற்பட்ட காரப்பொருள்கள் கலந்திருக்கின்றன. எது எவ்வளவு என்பது செடிக்குச் செடி மாறும். மருத்துவமனையிலோ ஒரு வேளைக்குப் பெரும்பாலும் இரண்டு மில்லிகிராமைத் தாண்டாமல், உடற்பரப்பைக் கணக்கிட்டு, சிரை வழியே மட்டும் செலுத்துகிறார்கள். அளவு மிகுந்தால் நரம்புகள் பழுதாகும்; தவறி முதுகுத்தண்டு நீரில் செலுத்தினால் மரணமே நேரும்.

விடாத காய்ச்சல், வெளுத்த முகம், ஈறுகளில் இரத்தக்கசிவு, தோலில் காரணமின்றித் தோன்றும் செம்புள்ளிகள் ஆகியவற்றைக் குழந்தையிடம் கண்டால், அன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏழைக் குடும்பங்களுக்குத் துணை நிற்கிறது. சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். காய்ச்சல் தணிந்ததும் பாதியில் நிறுத்திவிட்டுச் சாற்றை நாடினால், நோய் முன்னிலும் வலுவோடு திரும்பும்.

நித்தியகல்யாணியைப் போற்றுவோம், அதன் கொடையை மருத்துவரின் கையிலிருந்து மட்டுமே பெறுவோம்.