பாலக்கரை மாடிக்கு ஏற்ற கொடி

ஏறத்தாழ 300 இனங்களைக் கொண்ட படர்கொடிப் பேரினமான கிளமாட்டிஸின் பூவில் நிறம் காட்டி விரிந்திருப்பவை, மற்றப் பூக்களில் மொட்டைப் பச்சையாக மூடியிருக்கும் புல்லி இதழ்களே. அல்லி இதழ்கள் இதற்குப் பெரும்பாலும் கிடையாது. இங்கிலாந்தின் வோக்கிங் நகரில் ஜாக்மன் குடும்பத்தின் நாற்றுப்பண்ணை 1862-இல் பூக்கவைத்த ஊதாநிறக் கலப்பினத்தின் வழியில் வந்த பெரிய பூ வகைகளே இன்று படங்களில் கண்ணைப் பறிப்பவை. குளிர்காலத்தில் அடங்கி ஓய்வெடுத்துப் பழகிய அவ்வகைகளை, கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவதும் மார்கழி இரவுகூட 20 பாகையை ஒட்டியே நிற்பதுமான திருச்சியில் வளர்க்க முயல்வது வீண் செலவு.

தமிழகத்துக்குக் கிளமாட்டிஸ் அந்நியமன்று. கம்பெனி அரசின் மருத்துவராக வந்து தாவரவியலராகப் புகழ்பெற்ற இராபர்ட் வைட்டின் பெயர் தாங்கிய வைட்டியானா என்னும் இனம் நீலகிரி, பழனி மலைகளில் தானாகவே படர்கிறது. பழனி மலைச் செடிகளை ஆராய்ந்து 1999-இல் பெருநூலாக வெளியிட்ட பாதிரியார் கே.எம். மேத்யூ, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரகத்தை, அதாவது செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிக் காக்கும் நிலையத்தை, உருவாக்கியவர் ஆவார். எனினும் உயிர்க்கொடிக்கு உரிய இடம் மலைதான்.

திருச்சி நகரின் பாலக்கரைப் பகுதி மொட்டை மாடிக்கு முல்லையும் சங்குப்பூவுமே பொருத்தமானவை. அவற்றுக்கும் கிளமாட்டிஸ் வளர்ப்போரின் அடிப்படை விதியான 'வேர் நிழலில், தலை வெயிலில்' என்பது அப்படியே பொருந்துகிறது. சுட்ட தளத்தில் நேரே வைத்த தொட்டியில் வேர் வெந்துவிடும் என்பதால், கைப்பிடிச் சுவரின் நிழலில் இரண்டு செங்கல் மீது தொட்டியை ஏற்றி, மண்ணின்மேல் தேங்காய் மட்டைத் துண்டுகளைப் பரப்புவது நல்லது. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்துக் காட்டிக்கொடுத்தால், காவிரிக் குழாய்நீரையோ மழைநீரையோ அடித்துளை வழியே வடியுமளவு ஊற்றிக் கழுவ வேண்டும்.

கிளமாட்டிஸ் தன் இலைக்காம்பை மெல்லிய கம்பியில் சுற்றிக்கொண்டு ஏறுகிறது. முல்லைக்கு அத்தகைய பற்றும் உறுப்பு இல்லாமையால், பூக்கட்டுவோர் கையாளும் வாழைநாரைக் கொண்டே அதைப் பந்தலில் தளர்வாகக் கட்டிவிடலாம். அவரைக் குடும்பத்துச் சங்குப்பூவுக்கு இவ்வளவு கவனிப்பும் தேவையில்லை. இரவில் ஊறவைத்த விதையை ஊன்றினால் போதும், காற்றின் நைட்ரஜனை வேர்முடிச்சுகளில் நிலைநிறுத்திக்கொண்டு தானே சுற்றி ஏறிவிடும்.

பலர் தயங்குவது கவாத்துக்கு, அதாவது கிளைகளை வெட்டிவிடுவதற்கு. முல்லையை ஜனவரி கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஏறத்தாழ 45 செ.மீ. உயரம் விட்டு வெட்டுவதே வழக்கமான பரிந்துரை. புதுத் துளிரில்தான் முல்லை அரும்பெடுக்கும் என்பதால், செடி பட்டுவிடுமோ என்ற அச்சத்தில் நுனியை மட்டும் கிள்ளிவிட்டு நிறுத்தாமல், பழைய கிளைகளைத் துணிந்து வெட்ட வேண்டும்.