கைகாட்டியும் கவச்சும்

மீட்டர்கேஜ் காலத்தில் சின்ன ஸ்டேஷன்களில் வண்டிக்குக் காத்திருந்தவர்கள் கடிகாரத்தைவிடக் கைகாட்டியைத்தான் நம்பினார்கள். கை நேராக நீட்டியிருந்தால் உட்கார்ந்திருக்கலாம். இறங்கிவிட்டால் மூட்டையைத் தூக்க வேண்டும். அதை இறக்கியவர் கேபினில் நின்ற லீவர்மேன். கால் ஊன்றி அவர் இரும்பு லீவரை இழுக்க, தண்டவாளத்தை ஒட்டிக் கப்பிகளின்மேல் ஓடிய கம்பி பல நூறு மீட்டருக்கு அப்பால் இருந்த கையைச் சாய்க்கும். கம்பி நடுவில் அறுந்துபோனால் கம்பத்தில் இருந்த எடைக்கல் கையைப் பழையபடி நீட்டிவிடும், வண்டி நிற்கும். கெட்டால் சிவப்பில்தான் கெட வேண்டும் என்ற இந்த விதியைவிடப் பெரிய அறிவு ரயில்வேயில் வேறு இல்லை என்பேன்.

இரவில் அந்தக் கம்பத்தின் உச்சியில் மண்ணெண்ணெய் விளக்கு எரியும். பச்சைக்கென்று வைத்த கண்ணாடி பகலில் பார்த்தால் நீலச் சாயலில் இருக்கும். மஞ்சள் சுடர் அதன் வழியே வரும்போதுதான் பச்சையாகும்.

ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வண்டிகள் மோதாமல் காத்தது ஓர் இரும்புப் பந்து. அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களிலும் மின்கம்பியால் இணைந்த டோக்கன் பெட்டிகள் இருக்கும். அந்தப் பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் மணியடித்து லைன் கிளியர் கொடுத்தால்தான் இந்தப் பக்கம் பந்து வெளியே வரும். வந்துவிட்டால், அது ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பிப் போகும்வரை இரண்டு பெட்டிகளும் அடுத்த பந்தைத் தராது. பந்து கையில் இல்லாமல் டிரைவர் ஸ்டேஷனைத் தாண்டக் கூடாது. பெரிய வளையத்தில் கட்டிய பைக்குள் அதைப் போட்டு, ஓடும் வண்டிக்கு நீட்டுவார்கள். என்ஜினிலிருந்து ஒரு கை அதைப் பறித்துக்கொண்டு பழையதை வீசிவிட்டுப் போகும். இலங்கையின் மலையகப் பாதையில் இதே குடும்பத்தைச் சேர்ந்த டேப்லெட் முறை அண்மைக் காலம்வரை நடந்தது.

இத்தனை கெடுபிடியும் உயிர்களைக் கொடுத்துக் கற்றது. 1889இல் அயர்லாந்தின் அர்மாவில், முன்னே போன வண்டிக்குப் பின் சில நிமிட இடைவெளி விட்டு அடுத்ததை அனுப்பும் பழைய வழக்கத்தில் ஓர் உல்லாசப் பயண ரயில் சிக்கியது. மேட்டில் கழற்றிவிட்ட பெட்டிகள் பின்னோக்கி உருண்டு, பின்னால் வந்த வண்டியில் மோதின. ஏறத்தாழ 80 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் பிள்ளைகள். பிளாக் எனப்படும் ஒரு பாதைப் பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரே வண்டி என்பதை பிரிட்டன் அதே ஆண்டு சட்டமாக்கியது.

இன்று அந்தப் பந்தின் வேலையைப் பெரும்பாலும் தண்டவாளமே செய்கிறது. டிராக் சர்க்யூட்டில் இரண்டு தண்டவாளங்களிலும் சிறு மின்சாரம் ஓடும். சக்கரமும் அச்சும் இரண்டையும் இணைத்தவுடன் ரிலே விழுந்து சிக்னல் சிவப்பாகும். தண்டவாளம் உடைந்தாலும், மின்சாரம் நின்றாலும் சிவப்புதான். எடைக்கல்லின் புத்தி மாறவில்லை. கடைசிப் பெட்டியின் எல்.வி. பலகையைக் கண்ணால் பார்த்து, வண்டி முழுசாக வந்துவிட்டது என்று ஸ்டேஷன் மாஸ்டர் உறுதி செய்த இடத்தில், உள்ளே போன அச்சுகளையும் வெளியே வந்தவற்றையும் எண்ணி ஒப்பிடும் ஆக்சில் கவுண்டர் வந்துவிட்டது. ஒரு லீவரை இழுத்தால் அதற்கு முரணான லீவரை இரும்புப் பட்டையால் பூட்டிய இன்டர்லாக்கிங் இன்று கணினிக்குள் இருக்கிறது. சென்னைக் கடற்கரை – தாம்பரம் தடத்தில் மின்சார ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட முடிவது தானியங்கி சிக்னல்களால்தான். 2020இல் தேசியப் பாதுகாப்பு முறையாக ஏற்கப்பட்ட கவச், டிரைவர் சிவப்பைத் தாண்டப் போனால் தானே பிரேக் போடும். இது உண்மையான முன்னேற்றம். லீவரையும் டோக்கன் வளையத்தையும் நினைத்து ஏங்குகிறவர்கள், அவற்றை இழுத்தும் சுமந்தும் உழைத்தவர்களின் தோள்வலியையும் நினைக்க வேண்டும்.

ஆனால் 2023 ஜூன் 2 அன்று பாலசோர் அருகே பஹனாகா பஜாரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் போகச் சிக்னல் பச்சை காட்டியது. ஆனால் தடம் மாற்றும் பாயிண்ட் பக்கத்து லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு ரயில் நின்றது. ஏறத்தாழ 290 பேர் போனார்கள். சிக்னல் சர்க்யூட்டில் மாற்று வேலை செய்தபோது வயர்கள் தவறாக இணைக்கப்பட்டதே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது. கவச் இருந்திருந்தாலும் அன்று தடுத்திருக்காது. அதுவும் இன்டர்லாக்கிங் சொல்வதைத்தான் நம்புகிறது. இன்டர்லாக்கிங்குக்கே பொய் சொல்லப்பட்டிருந்தது.

கைகாட்டிக் காலத்தில் தவறு நடந்தால் கேபினில் நின்றவரைக் கேட்டோம். இன்று அந்தப் பொறுப்பு ரிலே அறையில் வயரைக் கழற்றி மாட்டும் சிக்னல் பராமரிப்பாளர் கைக்கு வந்திருக்கிறது. பயணிகள் அவரைப் பார்ப்பதே இல்லை. ஒரே ஒரு வயரைத் தொட்டாலும் முழுச் சோதனை முடியும்வரை வண்டி விடக் கூடாது. அதனால் ரயில் அரை மணி தாமதமானால் நாம் பொறுத்துக்கொள்வோம். ரயில்வே நிர்வாகம் அந்த அரை மணியை அவருக்குத் தயங்காமல் கொடுக்கட்டும்.