கொக்கலையும் பேர்த்தும்: வான்வழித் தூரமும் காலமும்

இரு விமான நிலையங்களுக்கிடையேயுள்ள தூரம் மாறாதது. அதனைக் கடக்கும் காலமோ மாறுந்தன்மையது. இவ்வுண்மையை விளக்குதற்கு, நம் நாட்டின் தென்கரையிலுள்ள கொக்கலை வாவிக்கும் மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இடையே 1943 முதல் 1945 வரை நடைபெற்ற கடல்விமானச் சேவையினும் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை எனலாம்.

1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. அடுத்த மாதம் சாவகமும் வீழ்ந்தது. பிரித்தானியாவையும் அவுஸ்திரேலியாவையும் இணைத்த வான்வழி இவ்வாறு அறுபடவே, இந்து சமுத்திரத்தை இடையில் எங்கும் இறங்காது கடத்தல் இன்றியமையாததாயிற்று. பூமி உருண்டையாதலின், அதன்மேல் இரு இடங்களை இணைக்கும் பெருவட்டத்தின் வில்லே மிகக் குறுகிய வழியாகும். ஈண்டு அதன் நீளம் ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர். மணிக்கு 900 கிலோமீற்றர் செல்லும் இக்காலத் தாரை விமானத்துக்கு இஃது ஏழு மணித்தியாலப் பயணமே. குவாண்டாஸ் நிறுவனத்தின் கற்றலீனா விமானங்களோ 27 மணித்தியாலம் முதல் 32 மணித்தியாலத்துக்கு மேலும் பறந்தன.

இத்துணை மெதுவாகச் சென்றமைக்குக் காரணம் எரிபொருளே. வேகத்தைக் கூட்டினால் காற்றின் தடை மிகும். விமானம் கரை சேருமுன்னரே எரிபொருள் தீர்ந்துவிடும். ஆதலின் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர் வேகமே உகந்ததாயிற்று. எரிபொருளின் பாரம் மிகுந்தமையால், மூன்று பயணிகளுக்கும் 69 கிலோகிராம் தபாலுக்குமே இடமிருந்தது.

காற்றின் செல்வாக்கை ஒரு சிறு கணக்காற் காண்போம். காற்றில்லாதபோது இத்தூரத்துக்கு 28¼ மணித்தியாலம் வேண்டும். மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று பின்னின்று உதவினால் 25 மணித்தியாலமும் சில நிமிடங்களும் போதும். அதே காற்று எதிர்த்து வீசின் 32¼ மணித்தியாலமாகும். உதவுங்காற்றால் வரும் இலாபம் மூன்று மணித்தியாலம். எதிர்க்காற்றால் வரும் நட்டமோ நான்கு. எதிர்க்காற்றில் விமானம் கூடிய நேரம் அகப்பட்டிருத்தலே இதற்குக் காரணம். நடுக்கடலில் இந்நான்கு மணித்தியாலம் உயிர்ப்பிரச்சினை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பகைவர் அறிந்துவிடுவர் என்னும் அச்சத்தால் விமானிகள் வானொலியிற் பேசாது, விண்மீன்களை அளந்தே வழி கண்டனர். விமானங்கள் ஐந்தும் விண்மீன்களின் பெயரையே தாங்கின. அவற்றுள் ஸ்பைக்கா நமது சித்திரை, அன்ராரிஸ் கேட்டை, அல்ரெயர் திருவோணம். நம் பஞ்சாங்கத்தார் இதனை அறிந்திருப்பின் மகிழ்ந்திருப்பர்!

ஒரே பயணத்தில் இருமுறை சூரியோதயம் கண்ட பயணிகளுக்கு, ‘இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கத்தின்’ உறுப்பினரெனச் சான்றிதழ் வழங்கப்பட்டது. மிக நீண்ட பயணம் 32 மணித்தியாலமும் 9 நிமிடமும் நீடித்தது. 1944இல் இப்பெருங்கடலைக் கடக்க வந்த லிபரேற்றர் விமானங்களுக்கு ஏறத்தாழ 17 மணித்தியாலம் போதியதாயிருந்தது. கற்றலீனாக்களோ போர் முடிந்தபின் அவுஸ்திரேலியக் கடலில் மூழ்கடிக்கப்பட்டன.