வீட்டு டி.வி.க்குக் கணினி: பெயரைப் பார்க்காமல் தலைமுறையைக் கேட்போம்

மண்டியில் 'பொன்னி' என்று மட்டும் சொன்னால் நாம் மூட்டையை இறக்க மாட்டோம். புதிய அரிசியா, பழைய அரிசியா, எந்த அறுவடை என்று கேட்டு, கையில் அள்ளிப் பார்த்த பிறகே விலை பேசுவோம். ஆனால் வீட்டு டி.வி.யுடன் இணைத்துப் படம் பார்க்கக் கணினி வாங்கும்போது நம்மில் பலர் இந்தப் பழக்கத்தை மறந்துவிடுகிறோம். 'ஐ7' என்று ஒட்டியிருந்தால் போதும், பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம்.

ஐ3, ஐ5, ஐ7 என்பவை ரகத்தின் பெயர்கள் மட்டுமே. அறுவடை ஆண்டு போன்றது 'தலைமுறை'. இன்டெல் பிராசஸரில் கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணில் அது இருக்கிறது. ஐ5-7500 என்றால் 7-ஆம் தலைமுறை. ஐ5-12400 என்றால் 12-ஆம் தலைமுறை.

இது ஏன் முக்கியம்? 4கே படத்தின் ஒவ்வொரு சட்டத்திலும் சுமார் 83 லட்சம் புள்ளிகள் உள்ளன. பழைய முழு எச்.டி. படத்தைப் போல் இது 4 மடங்கு. இவ்வளவையும் அப்படியே அனுப்ப முடியாது என்பதால் எச்.265, விபி9, ஏவி1 ஆகிய முறைகளில் சுருக்கி அனுப்புகிறார்கள். அதை விரிப்பதற்கென்றே புதிய பிராசஸர்களில் தனிப் பகுதி உண்டு. அது இல்லாவிட்டால் முழு வேலையும் பிராசஸரின் பொதுப் பகுதி தலையில் விழும். மாவு மில் இருக்கும்போது கல்லாவில் இருப்பவரை உரலில் இடிக்கச் சொல்வதற்கு ஒப்பானது அது. படம் திக்கும், விசிறி இரையும்.

2011-இல் வந்த ஐ7-2600 ஒரு காலத்தில் உயர்ந்த சரக்கு. அதன் மின்திறன் அளவு 95 வாட். ஆனால் எச்.265-ஐ விரிக்கும் பகுதி அதில் இல்லை. 2023-இல் வந்த இன்டெல் என்100 வெறும் 6 வாட் பிராசஸர். அது இந்த மூன்று முறைகளையும் சிரமமின்றி விரிக்கும். சூடு குறைவு, ஆகவே விசிறிச் சத்தமும் குறைவு. படம் மட்டும் பார்க்கும் வீட்டுக்கு இந்த வகையே போதுமானது. பிள்ளைகள் விளையாட்டு, வீடியோ எடிட்டிங் என்று கேட்டால்தான் பெரிய பிராசஸர் தேவை.

இன்டெல்லில் 10-பிட் எச்.265-க்கு 7-ஆம் தலைமுறையும், ஏவி1-க்கு 11-ஆம் தலைமுறையும் தொடக்கம். ஏ.எம்.டி.யில் 2021-இல் வந்த ரைசன் 5 5600ஜி-யில் ஏவி1 வசதி இல்லை. 2022-இல் வந்த மேசைக் கணினிக்கான ரைசன் 7000 வரிசையில் உண்டு. எண்ணின் இறுதியில் 'எஃப்' இருந்தால் படம் காட்டும் பகுதியே இல்லை என்று பொருள்; தனி கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வேண்டிவரும்.

கடையில் பில் போட்ட பழைய கணினியை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று பலர் கேட்கிறார்கள். முழு எச்.டி. படத்திற்குப் பெரும்பாலும் போதும். 4கே படத்திற்கு மேற்சொன்ன தலைமுறைக் கணக்கைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு, சில விலக்குகள் நீங்கலாக, இன்டெல் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். கணினியை மாற்றுமுன் கடைக் கணக்குகளை வேறிடத்தில் பதிந்துகொண்டு, பழையதிலிருந்து அழித்துவிடுவதும் அவசியம்.

வாங்கும் இடத்தில் செய்ய வேண்டியவை நான்கு. பிராசஸரின் முழு எண்ணையும் கேட்டுப் பில்லில் எழுதி வாங்குங்கள். எச்.டி.எம்.ஐ. 2.0 இருக்கிறதா என்று பாருங்கள், 1.4 என்றால் 4கே படம் நொடிக்கு 30 சட்டத்தோடு நின்றுவிடும். 4கே எச்.265 படம் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள். அப்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சி.பி.யு. அளவு உச்சியில் நிற்கிறதா என்றும் கவனியுங்கள். தனிப் பகுதி வேலை செய்தால் அது தாழ்ந்தே இருக்கும்.

மாதிரி காட்ட மறுப்பவரிடம் நாம் மிளகாய்கூட வாங்குவதில்லை. கணினிக்கும் அதே நியாயந்தான்.